தூக்கத்துக்குப் பிரிவு இல்லை

ஒரு காலத்தில் அந்தத் துறை, சரியாகக் கவனிக்கப்படாத குழந்தைகளை வீட்டிலிருந்து கொண்டுவந்து விடுதியில் சேர்த்துக்கொண்டிருந்தது. பிறகு, எவ்வளவு நல்ல விடுதியும் வீட்டுக்கு ஈடாகாது என்று ஓர் ஆய்வில் தெரியவந்தது. அன்றுமுதல் குழந்தைகளை வெளியே கொண்டுவருவதைக் குறைத்துக்கொண்டு, துறை தானே வீடுகளுக்குள் போகத் தொடங்கியது. 'குடும்பத்தோடு குழந்தை காப்போம்' என்று அலுவலக வாசலில் கொட்டை எழுத்தில் எழுதிப்போட்டார்கள். விடுதியையும் மூடிவிடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத குடும்பம் என்று ஒன்று எங்கும் இருக்குமே, அதற்காக வைத்துக்கொண்டார்கள்.

களப்பணியாளராகச் சேர்ந்த அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் புதிது. அதற்கு முன் மழலையர் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தவள். மூக்கு ஒழுகினால் துடைத்து, விழுந்தால் தூக்கிப் பழகிய கை. அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவளையும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். எட்டு வருடம் கழித்து வேலையை விட்டுப் போகும்போதும் அவள் புதுசாகவே போனாள்.

பயிற்சி கொடுத்தவர் மேற்பார்வையாளர் அம்மாள். மணி என்ன என்று கேட்டால்கூட ரகசியம்போல் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்.

"மூணு 'தொ' ஞாபகம் வெச்சுக்கம்மா. குழந்தைய தொடக் கூடாது. ஒரே வீட்ல தொடர்ந்து உக்காரக் கூடாது. தொலைபேசி நம்பர் தரக் கூடாது."

"குழந்தை கீழ விழுந்துட்டா, மேடம்?"

"பாக்கணும்."

"தூக்கக் கூடாதா?"

"தூக்க அப்பா அம்மா இருக்காங்க. அவங்க தூக்குறாங்களான்னு பாக்கத்தான் நாம இருக்கோம்." அம்மாள் குரலை இன்னும் தாழ்த்தினார். "ஒண்ணு நல்லா புரிஞ்சுக்கோ. நாம உதவி பண்றவங்க இல்ல. உதவி தேவைப்படுதுன்னு கண்டுபிடிக்கிறவங்க."

புதுசுக்குப் புரியவில்லை. ஆனால் புரிந்ததுபோல் தலையாட்டினாள். அந்த அலுவலகத்தில் எல்லோரும் வேலை கற்றுக்கொண்ட முறை அதுதான்.

முதல் வீடு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் வீடு. மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுவதில்லை. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட்டிவைக்கிறவன் தன் வீட்டுக்குப் படியேறிப் போகிறான் என்று அந்தத் தெருவில் அதை ஒரு ஜோக்காகவே சொல்வார்கள். அவனுக்கு மூன்று குழந்தைகள். மூத்தவள் ஐந்து வயது வாயாடி. அடுத்து, கைக்குழந்தைகளாக இரட்டையர். அவர்களுக்கு மெக்கானிக் வைத்த பட்டப்பெயர் முன்வந்தவன், பின்வந்தவன். கீழ்வீட்டுக்காரர், மேல்மாடியில் குழந்தைகள் விடாமல் அழுகின்றன என்று துறைக்குத் தகவல் கொடுத்திருந்தார்.

கதவைத் திறந்தது வாயாடிதான்.

"எங்கம்மா இன்னும் குளிக்கல, தல வாரல. நீங்க யாரு?"

உள்ளே ஒரே அறை. நாற்காலி முதுகுகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பால் புட்டிகள் ஒரு தட்டில் கவிழ்ந்து கிடந்தன. குழந்தைகளுக்கு எட்டாதபடி அலமாரியின் தலைமேல் ஸ்பானர் பை. தரையில் விரித்த மெத்தையில் பின்வந்தவன் அழுதுகொண்டிருந்தான். தாயின் தோளில் முன்வந்தவன், தம்பி நிறுத்தட்டும் என்று முறைக்குக் காத்திருந்தான். தாய் மேல்சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள். வீட்டில் பால் இருந்தது, மருந்து இருந்தது, குழந்தைகள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. இல்லாதது ஒன்றே ஒன்று.

"உங்களுக்கு என்ன உதவி வேணும், சொல்லுங்க" என்றாள் புதுசு.

"தூக்கம்" என்றாள் தாய்.

"வேற?"

தாய் யோசித்தாள். யோசிக்கும்போதே கண் செருகியது. "வேற எதுவும் ஞாபகம் வரல மேடம். தூங்கி எழுந்தா வரலாம்."

புதுசு அலுவலகத்துக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். மேற்பார்வையாளர் அம்மாள் துறையின் சேவைகளை அகர வரிசைப்படி பார்த்துக்கொண்டே போனார்.

"தூக்கத்துக்குப் பிரிவு இல்லையேம்மா. 'தூ'வுல தூய்மைதான் இருக்கு."

"அவங்க தூய்மை கேக்கல மேடம்."

"கேக்காததையும் குடுக்குறதுதான்மா சேவை."

அப்படியாகத் தூய்மை ஆலோசகர் அந்த வீட்டுக்குப் போனார். பின்வந்தவன் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். அழைப்பு மணி அடித்ததும் இரட்டையர் இருவரும் ஒரே குரலில் வீறிட்டார்கள். அந்தக் கச்சேரிக்கு நடுவே ஆலோசகர், கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று முழங்கைவரை நுரைபோட்டுக் கழுவிக் காட்டினார். மேலே தொட்டிக்கு வந்திருந்த தண்ணீர் அதோடு தீர்ந்தது. போகும்போது, வீட்டில் தண்ணீர் வசதி போதாது என்று குறித்துக்கொண்டு போனார்.

அடுத்து வந்தவர் பெற்றோர் பயிற்சியாளர். அந்த அம்மாளின் பையில் ஒரு துணிப்பொம்மை. தாயின் இரண்டு கையிலும் இரண்டு குழந்தைகள்.

"நிஜக் குழந்தைங்கள கொஞ்சம் கீழ விடுங்கம்மா. குழந்தைய எப்படி வெச்சுக்கணும்னு சொல்லித் தரேன்."

தாய் இருவரையும் மெத்தையில் கிடத்திவிட்டு, பொம்மையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கீழே இரண்டும் கத்தித் தீர்த்தன. பொம்மை மூச்சுவிடவில்லை.

"பாத்தீங்களா? சரியா பிடிச்சா அழாது" என்றார் பயிற்சியாளர்.

மூன்றாவதாகப் பிணைப்பு நோக்கர் வந்தார். பெற்றோருக்கும் குழந்தைக்கும் இடையில் பாசம் எந்த அளவில் இருக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்பது அவர் வேலை. அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் நடுநிலைமை கெட்டுவிடும் என்பதால், மடக்கு முக்காலி ஒன்றைக் கையோடு கொண்டுவருவார். அதை மூலையில் போட்டு, அங்கே இல்லாததுபோல் இருப்பார். அவரோடு யாரும் பேசக் கூடாது. வாயாடி அவர் முகத்துக்கு நேரே போய் நின்று, "நீ பேயா?" என்று கேட்டாள். விதிப்படி அவர் பதில் சொல்லவில்லை. வாயாடி அலறிக்கொண்டு ஓடி அம்மாவின் முதுகில் ஒளிந்தாள். 'மூத்த குழந்தைக்குக் காரணமற்ற அச்சம்' என்று நோக்கர் எழுதினார்.

இவர்களெல்லாம் பாடம் நடத்த வரும்போது தந்தையும் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவான். ஒருநாள் புதுசு வந்தபோது, வியர்வையோடு படியில் உட்கார்ந்திருந்தான்.

"மேடம், லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்குறவன் நான். நேத்து ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில நின்னு, உள்ள ஒரு கூட்டமே மாட்டிக்கிச்சு. அந்த நேரத்துல நான் இங்க 'தந்தையின் புன்னகை'ன்னு ஒரு பாடத்துல சிரிச்சுக் காட்டிட்டு இருந்தேன். இன்னும் கொஞ்சம் மனசாரச் சிரிங்கங்கறாங்க. எங்க முதலாளி இன்னொரு தடவ லீவு கேட்டா வேற ஆள் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. இதுல மனசு எங்கேந்து வரும்?"

புதுசு அதை எழுதிக்கொள்ளவில்லை. முதலாளி அப்படிச் சொன்னது துறைக்குத் தெரிந்தால், 'வருமானம் உறுதியில்லை' என்று அதையும் குடும்பத்தின் தலையிலேயே ஏற்றிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆள் வர வர மணி அடித்தது. மணி அடிக்க அடிக்கக் குழந்தைகள் அழுதன. கீழ்வீட்டுக்காரர், அழுகை முன்பைவிட அதிகமாகிவிட்டது என்று மறுபடி தகவல் கொடுத்தார். துறை தன் அபாயப் பட்டியலில் அந்தக் குடும்பத்தை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாற்றியது.

"இத்தன பேர அனுப்பியும் அழுக கூடுதுன்னா, அந்தக் குடும்பத்துல ஏதோ பெரிய கோளாறு இருக்கு" என்றார் மேற்பார்வையாளர் அம்மாள். "அடுத்த பரிசீலனையில குழந்தைங்கள தற்காலிகமா விடுதிக்கு எடுத்துடலாம்னு இயக்குநர் நினைக்கிறாரு. நீ போய் பக்குவமா சொல்லிட்டு வந்துடு."

இதைப் பக்குவமாகச் சொல்வதற்கு எந்த வழியும் இல்லை. புதுசு நேராகவே சொன்னாள். தாய் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். தாய் முன்வந்தவனைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "அங்க ராத்திரி எழுந்து பால் குடுக்க யாரு இருப்பா?" என்று கேட்டாள்.

"மூணு பேர் இருக்காங்க. முறை போட்டுப் பாத்துக்குவாங்க."

"மூணு பேரா?" தாயின் குரலில் பொறாமை தெரிந்தது. "அப்ப என்னையும் சேத்துக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்களேன். நானும் அழுவேன்."

சொன்னபடியே அழுதாள். சத்தமில்லாமல், கண்ணைத் திறந்தபடி. கையில் இருந்த முன்வந்தவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் உதட்டைப் பிதுக்கினான்.

மூலையில் முக்காலியில் நோக்கர் இருந்தார். அது புதுசுக்குத் தெரியும். மூன்று 'தொ'வும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் மழலையர் பள்ளியில் பழகிய கை அவளிடம் அனுமதி கேட்கவில்லை. முன்வந்தவனை வாங்கித் தோளில் போட்டாள். பின்வந்தவனை மடியில் கிடத்தினாள். "நீங்க போய்ப் படுங்க" என்றாள்.

"மேடம், அவரு பாக்குறாரே..."

"அவருதான் இங்க இல்லையே. படுங்க."

தாய் மெத்தையின் ஓரத்தில் சாய்ந்தாள். அவ்வளவுதான். வாயாடி நோக்கரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து, "பேயே, சத்தம் போடாத, அம்மா தூங்குறாங்க" என்றாள். அன்று மாலைவரை அந்த வீட்டில் அழுகை இல்லை. தாய் எழுந்து, முகம் கழுவி, சட்டையை நேராகப் போட்டுக்கொண்டு வந்து, "அக்கா" என்றாள். அதுவரை புதுசு அந்த வீட்டுக்கு மேடமாக இருந்தவள்.

நோக்கரின் அறிக்கை மறுநாளே வந்துவிட்டது: 'களப்பணியாளர் இரு குழந்தைகளையும் தொட்டார். ஒன்று இடது தோளில், மற்றொன்று மடியில். தாய் அசையவில்லை. குழந்தைகள் அழவில்லை. ஆகவே அன்று நோக்குவதற்கு எதுவும் நிகழவில்லை. இது கவலைக்குரியது.'

விசாரணைக்கு இயக்குநரே வந்து உட்கார்ந்தார். தொட்டது ஒரு செயல்தானா, குழந்தைகள் இரண்டு என்பதால் இரண்டு குற்றங்களா என்று முதலில் விவாதம் நடந்தது. இரட்டையர் என்பதால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம் என மேற்பார்வையாளர் அம்மாள் சமரசம் சொன்னார். பிறகு இயக்குநர் புதுசைப் பார்த்துத் திரும்பினார். நல்ல மனிதர். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். அதட்டாமலே நீளமாகப் பேசுவார்.

"ஏம்மா, இன்னிக்கு நீங்க ஒரு குழந்தைய தூக்குறீங்க. நாளைக்கு இன்னொரு அம்மா, என் குழந்தையையும் வெச்சுக்கோன்னு கேப்பாங்க. அப்புறம் ஊர்ல இருக்குற அம்மாங்க எல்லாரும் கேப்பாங்க. கடைசியில என்ன ஆகும்? குழந்தைங்கள பாத்துக்கிறதுதான் நம்ம துறையோட வேலன்னு ஆயிடும்!"

அறையில் இருந்த அத்தனை பேரும் அந்த அபாயத்தை நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சார், அன்னிக்கு அழுகை நின்னுச்சு" என்றாள் புதுசு.

"நின்னுச்சும்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா எந்தப் பிரிவின் கீழ நின்னுச்சு?"

நடந்தது நடந்தபடி தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று இயக்குநர் கருதினார். சம்பவத்தை அதே வீட்டில் மறுபடி நடத்திப் பார்ப்பது, குடும்பத்தின் பரிசீலனையையும் அங்கேயே முடித்துவிடுவது என்று முடிவாயிற்று. பரிசீலனை பாதகமாக முடிந்தால் போகிற கையோடு குழந்தைகளை ஏற்றிக்கொள்ள விடுதி வண்டியும் பின்னாலேயே வந்தது.

மேற்பார்வையாளர் அம்மாள், பயிற்சியாளர், நோக்கர், புதுசு எல்லோரோடும் மூன்று மாடி ஏறியதில் இயக்குநருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. மெக்கானிக்குக்கு அன்று லீவு கிடைக்கவில்லை; தாய் மட்டும் கதவருகிலேயே நின்றாள். அவள் கண் மாடிப்படி ஜன்னல் வழியாகக் கீழே நின்ற வண்டியின் மீதே இருந்தது. முன்தினம் இரவும் அவள் தூங்கவில்லை, தூங்கியிருந்தால்தான் ஆச்சரியம்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் இயக்குநர். "அன்னிக்கு நடந்தத அப்படியே நடிச்சுக் காட்டணும். களப்பணியாளர் மேல விசாரணை இருக்குறதால அவங்க நடிக்க முடியாது. அவங்க இடத்துல நான் இருக்கேன். நோக்கர் நோக்கராவே இருக்கட்டும். நீங்க சும்மா தூங்குற மாதிரி படுத்துக்கங்க, போதும்."

"தூங்குற மாதிரிதானே சார்?"

"ஆமாம்மா."

தாய் முன்வந்தவனை எடுத்து இயக்குநரின் தோளில் போட்டாள். இயக்குநருக்கு ஒன்றே போதும் என்று பயிற்சியாளர் தரையில் உட்கார, பின்வந்தவனை அவர் மடியில் கிடத்தினாள். மெத்தையில் சாய்ந்தாள்.

"ரொம்பத் தத்ரூபமா நடிக்கிறாங்க" என்று சற்றுநேரம் கழித்து மேற்பார்வையாளர் அம்மாள் மெச்சினார். தாயிடமிருந்து லேசான குறட்டை வந்தது.

"போதும்மா, எழுந்திருங்க" என்றார் இயக்குநர்.

தாய் எழவில்லை. இயக்குநர் குரலைச் சற்று உயர்த்தினார். தோளில் இருந்த முன்வந்தவன் தலையைத் தூக்கி, முகத்தைச் சுருக்கி, பெரிய மூச்சாக ஒன்றை இழுத்தான். அந்த மூச்சுக்கு அடுத்து என்ன வரும் என்பது இயக்குநருக்குக்கூடத் தெரிந்தது. "இல்லடா ராஜா, இல்லடா, நான் பேசல" என்று அவசரமாக அவன் முதுகைத் தட்டினார்.

"எழுப்புங்களேன்" என்று கண்ணால் ஜாடை காட்டினார்.

"அம்மாவையும் தொடக் கூடாதே சார்" என்றார் மேற்பார்வையாளர் அம்மாள். அவருடைய தாழ்ந்த குரல் வாழ்நாளில் முதல்முறையாக அன்றுதான் பயன்பட்டது.

"அப்ப குழந்தைங்கள இங்க விட்டுட்டுப் போயிடலாம்."

"விழிப்போட இருக்குற பெரியவங்க இல்லாம குழந்தைங்கள விட்டுட்டுப் போனா, நம்ம மேலேயே சிவப்பு போடணும் சார்."

துறை அங்கே மாட்டிக்கொண்டது. இயக்குநர் உட்கார முயன்றால் குழந்தை அழப் பார்த்தது. நின்றாலும் அழப் பார்த்தது. நடந்தால் மட்டும் சும்மா இருந்தது. அதனால் இயக்குநர் அலமாரிக்கும் சமையல் மேடைக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார். பயிற்சியாளர், "சார், இது ரொம்ப நெளியுதே, இதுக்குத் தலைய எங்க வைக்கணும்?" என்று கிசுகிசுத்தார். வாயாடி சரிசெய்து வைத்தாள். பிறகு நோக்கரை முக்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, அதன்மேல் ஏறி நின்று பால் புட்டியை எடுத்துக் கொடுத்தாள். புதுசு உதவிக்கு எழுந்தாள். விசாரணையில் இருப்பவர் தொடக் கூடாது என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கையமர்த்தினார்கள். ஆகவே அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையில் அவ்வளவு திருப்தியாக அவள் அதுவரை எதையும் பார்த்ததில்லை.

"உங்க பசங்க சின்னதா இருந்தப்ப தூக்கியிருப்பீங்களே சார்?" என்று மெல்லக் கேட்டாள்.

"எங்கம்மா. ஞாயித்துக்கிழமதான் வீட்ல இருப்பேன். அப்ப அவனுங்க தூங்கிட்டு இருப்பானுங்க." இயக்குநர் இன்னொரு நடை நடந்து திரும்பினார். "தூங்கவெக்கிறதுல இவ்ளோ வேல இருக்குன்னு யாரும் எங்கிட்ட சொல்லவே இல்ல."

கதவு மெல்லத் தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர். முகம் வெளிறியிருந்தது.

"சத்தமே காணோமே, குழந்தைங்களுக்கு என்னமோ ஏதோன்னு..."

"உஷ்!" என்றது துறை முழுவதும்.

அவர் மெத்தையை எட்டிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு தூங்குதா? அப்பாடா" என்று கிசுகிசுத்தார். "இத்தன நாளாச்சா உங்களுக்கு? நான் தகவல் சொன்னதே, யாராச்சும் வந்து கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவாங்கன்னுதான்." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனைபோல் படியிறங்கிப் போனார். கீழே விடுதி வண்டிக்காரர் ஹார்ன் அடிக்கப் பார்த்தபோது அவரைத் திட்டித் துரத்தியதும் அவர்தான்.

பொழுது சாயும் நேரத்தில் மெக்கானிக் வந்தான். வீட்டுக்குள் ஒரு காலை வைத்தவன் அப்படியே நின்றான். இயக்குநர் தோளில் பால் வழிந்த கறையோடு நடந்துகொண்டிருந்தார். நோக்கர் துணி மடித்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளரின் கால் மரத்துப்போய் அவர் முகம் கோணியிருந்தது. மெக்கானிக்குக்குக் கேட்கப் பழகிய கேள்வி ஒன்றுதான்.

"எவ்ளோ நேரமா சார் மாட்டிக்கிட்டிருக்கீங்க?"

அந்தக் குரல் கேட்டுத் தாய் விழித்தாள். எழுந்து உட்கார்ந்து எல்லோரையும் திருதிருவென்று பார்த்தாள். பதறிப்போனாள்.

"மன்னிச்சுக்கங்க சார், கண்ணு கொஞ்சம் அசந்துடுச்சு. இப்ப நடிக்கட்டுமா?"

"வேண்டாம்!" என்றார்கள் எல்லோரும்.

குழந்தைகள் விடுதிக்குப் போகவில்லை. புதுசின் மீதான ஒன்றரைக் குற்றமும் கைவிடப்பட்டது. அதைத் தொடர்ந்தால் இயக்குநரின் மீதும் ஒன்று எழுத வேண்டியிருந்தது. வந்துபோன ஆலோசகர்களெல்லாம் ஒவ்வொருவராக வேறு குடும்பங்களைத் தேடிப் போனார்கள். சில வாரங்களில் துறை, 'தாய் உறக்க ஆதரவுத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கியது. அதை இயக்குநர் களத்தில் நேரடியாகத் துன்பப்பட்டுக் கண்டுபிடித்ததாகத் தொடக்க விழாவில் சொன்னார்கள். அவர் அடக்கமாகத் தலைகுனிந்து ஒத்துக்கொண்டார். களப்பணியாளர் இனி வாரம் இரண்டு பிற்பகல் குழந்தைகளை வைத்துக்கொள்ளலாம், தூக்கலாம், தொடலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. தாய் உண்மையிலேயே தூங்குகிறாரா என்பது தெரிய வேண்டுமே? அதனால் அரை மணிக்கொரு தரம் அவரை எழுப்பி, 'நான் தற்போது எவ்வித இடையூறுமின்றி உறங்கிக்கொண்டிருக்கிறேன்' என்பதன்கீழ் கையெழுத்து வாங்க வேண்டும்.

முதல் நாள் பிற்பகல் புதுசு அந்தத் தாளோடு படியேறினாள். தாய் படித்துப் பார்த்தாள். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

"அக்கா, எல்லாத்தையும் இப்பவே போட்டுத் தந்துடவா?"

"போடலாம்னு எழுதல" என்றாள் புதுசு. "போடக் கூடாதுன்னும் எழுதல."

தாய் பேனாவை வாங்கிக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்தாள். புதுசு முன்வந்தவனைத் தோளுக்கும் பின்வந்தவனை மடிக்கும் மாற்றிக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள், தாய் தாளின்மேலேயே சாய்ந்துவிட்டிருந்தாள். புதுசு அதை மெதுவாக உருவி எடுத்துப் பார்த்தாள். கையெழுத்துகள் வரிசையாக இருந்தன. கடைசி ஒன்று மட்டும் பாதியில் வளைந்து, கோடாக இழுத்துக்கொண்டு, காகிதத்தைத் தாண்டித் தலையணைவரை போயிருந்தது. அந்தத் திட்டத்தின் வரலாற்றிலேயே விதிப்படி தூக்கத்தில் போடப்பட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.